கடைசி வீட்டுப் புள்ளி

“கடைசி வீட்டுக்காரங்க இன்னும் கிளம்பலை” என்றான் கணவன், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அவள் காலிலிருந்த குழிமண்ணை உதறினாள். அவன் அண்டை வீட்டாரைச் சொல்லவில்லை. தெருவே காலியாகி மாதக்கணக்காகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஓடும் புள்ளிகளைச் சொன்னான். ஒவ்வொரு புள்ளியும், ஆறு வற்றியதும் சனம் விட்டுப்போன ஒரு பழங்காலத்து ஊரின் குடும்பம். அந்த ஊரைத்தான் அவள் தோண்டுகிறாள்; சனம் எப்படிக் கிளம்பியிருக்கும் என்று அவன் கணக்குப் போடுகிறான். தண்ணீர், தானியம், விறகு எல்லாம் குறையக் குறைய, புள்ளிகள் குடும்பம் குடும்பமாக வெளியேறும். கடைசி வீட்டுப் புள்ளி மட்டும் அசையாது.

“கணக்குல எங்கேயோ பிழை. அதைச் சரி பண்ணிட்டு நாம கிளம்பலாம்.”

“இதையே எத்தனை தடவை சொல்லுவீங்க? கிணறு வத்திப் போச்சு, குழாய்ல காத்துதான் வருது. நாளைக்குச் சாமான் ஏத்த லாரி வருது. வரச் சொல்லியாச்சு.”

அவன் குடத்தின் அடியில் கிடந்த தண்ணீரில் ஒரு குவளை மொண்டு, கொல்லை மூலையில் ஊற்றிவிட்டு வந்தான். அங்கே ஒரு புல்கூட இல்லை. அவள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

கம்ப்யூட்டரை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. செத்தவன் மனசு பெட்டிக்கு எப்படித் தெரியும் என்பாள். ஆனால் இன்றைக்குக் குழியில் கண்டது பெட்டி சொன்னதோடு ஒத்துப்போயிற்று.

“உங்க கணக்குல பிழை இல்லைங்க. கடைசி வீட்டைத் தோண்டிட்டோம். ஆறு வத்தினப்புறம் காத்து கொண்டாந்து கொட்டின மணலுக்கு மேலேயும் அடுப்புச் சாம்பல் கிடக்கு, அடுக்கடுக்கா. ஊரே போனப்புறமும் அவங்க அங்கதான் சமைச்சிருக்காங்க.”

“மண்ணு பொய் சொல்லும்.”

“சொல்லி அதுக்கென்ன லாபம்? அடுப்புக்கு அடியில ஒரு சின்னப் பானையும் இருந்துச்சு.”

பானைக்குள் என்ன இருந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. திரையில் அசையாத புள்ளியையே பார்த்தான்.

“எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குதானே? அந்த வீட்டுக்கு மட்டும் என்ன பண்ணி வச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

அவன் கண் கொல்லை மூலைக்குப் போய்த் திரும்பியது.

“அவங்களும் ஒரு பிள்ளையைப் புதைச்சவங்கன்னு போட்டேன்.”