கேட்டு வாங்குபவர்

"நம்ம பத்திரிகைய யாரு படிக்கிறாங்கன்னே தெரியாம எத்தனை நாளைக்கு அச்சடிக்கிறது?" என்று முதலாளி எரிந்து விழுந்ததும், இசை இதழின் ஆசிரியை மதுரவல்லி பேருந்து நிலையக் கடைக்கே போய் நின்றாள்.

"ஒருத்தர்தாம்மா மாசாமாசம் கேட்டு வாங்குவாரு. அந்தா, அவரேதான்," என்றார் கடைக்காரர்.

வந்தவர் கையை நீட்டி இதழை வாங்கிக்கொண்டார்.

"சார், நீங்க என்ன மாதிரிப் பாட்டு கேப்பீங்க?"

அவர் அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்த்தார். பிறகு காதைத் தொட்டு, சிரித்தபடி கையை விரித்தார். இதழைப் பிரித்து, கண்மூடிப் பாடும் ஒருத்தியின் படத்தில், புடைத்த கழுத்து நரம்பின்மேல் விரலை வைத்தார். மறு கை கடைப் பலகையில் தாளம் போடத் தொடங்கியது.

கைபேசியில் முதலாளி. "என்னம்மா, யாரு கேக்குறாங்கன்னு தெரிஞ்சுதா?"

"இருங்க சார்," என்றாள் மதுரவல்லி மெதுவாக. "பாட்டு முடியட்டும்."