வேப்பமரத்துக் குரல்

"உன் வூட்டுக்காரரு நெலத்தாண்ட மூணு நாளா ஒரு பொம்பள கொரலு கேக்குதுடி. தூரத்துல யாருன்னு வெளங்கல" என்று பற்றவைத்துவிட்டுப் போனாள் எதிர்வீட்டுப் பட்டம்மா.

பாஞ்சாலிக்குப் பகீரென்றது. மகாகனி மரக்கன்று நட்டதிலிருந்து, மான் மேய்ந்துவிடும் என்று சொல்லிக் கணவன் கன்னியப்பன் அங்கேயேதான் கிடக்கிறான்.

அப்போதே கிளம்பினாள். வரப்பில் ஏறும்போதே காதில் விழுந்தது.

"இன்னாய்யா, சொன்னா மண்டையில ஏறாதா? வெக்கமா இல்ல?"

கட்டினவளைப் போலத் திட்டுகிறாளே! ஓடினாள்.

கன்னியப்பன் மட்டும் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குரல், வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"எவய்யா அவ?"

"உன் கொரலே உனக்குத் தெரியலியா? நாய் கொரைக்கறத வெச்சேன், வெடிச் சத்தம் வெச்சேன், மானு அசையல. போன வாரம் நீ என்னத் திட்டுனத செல்லுல புடிச்சி வெச்சேன். அப்புறம் ஒரு கன்னுலகூட வாய் வெக்கல. கோச்சிக்காத பாஞ்சாலி."

பாஞ்சாலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"செல்லக் குடு. அன்னிக்கு நான் பாதியிலயே நிறுத்திட்டேன்."