மர்ஜோலேன் திரும்பி வந்தது

புவாத்து வட்டாரத்தின் ஒரு கிராமத்தில், தங்கள் குடும்பத்தின் பழைய மாளிகையை ஆதரவற்ற விலங்குகளின் காப்பகமாக மாற்றி அக்காவும் தம்பியும் நடத்திவந்தார்கள். கிழட்டுக் கழுதை மர்ஜோலேனை ஒரு நல்ல பண்ணைக்குக் கொடுத்துவிட்டதாகக் குளிர்காலத்தில் தம்பி அன்செல்ம் சொன்னான். அக்கா சொலாஞ்ச் நம்பினாள்.

மே மாதத்தில் ஒரு காலை அவள் வாத்துகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். மர்ஜோலேன் மாளிகைக்கு வரும் மரவரிசைப் பாதை வழியே நடந்து வந்தது. அதே மடங்கிய இடது காது.

"டேய், இங்க வந்து பாரு! உன் பண்ணைக்காரன் சரியா தீனி போடல போல, ஓடி வந்துட்டா!"

வெளியே வந்த அன்செல்ம் படியிலேயே நின்றுவிட்டான்.

"அது வர முடியாதுக்கா."

"ஏன் முடியாது?"

"கசாப்புக்கூடத்துல அதை அறுக்கிறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் தீனி வாளியைக் கீழே வைத்தாள்.

"அவ எப்படி இருக்கான்னு போன வாரம்கூட உன்கிட்டதானடா கேட்டேன்? நல்லா மேய்ஞ்சு கொழுத்துட்டான்னு சொல்லிச் சிரிச்சியே!"



மர்ஜோலேன் அவளைத் தாண்டிப் போனது. கூப்பிட்டும் திரும்பவில்லை. குளிர்காலத்தில் தன்னை ஏற்றிப்போன வேன் முற்றத்தில் நின்றது; அதன் பின்கதவருகே போய், அன்செல்ம் வந்து திறப்பான் என்று பொறுமையாகக் காத்து நின்றது.