கிணறு சொன்ன சாட்சி

“இந்த மண்ணுக்கா மிஸ் வெல போடப் போறீங்க? கெணத்துத் தண்ணியக் குடிச்சுப் பாருங்க, கடலே தோத்துப் போயிரும்!”

வேலிப் படலையைத் திறந்துவிட்ட பெண் சிரித்தாள். காணிக்காரர் எங்கே என்று கேட்டதற்கு, “கல்பிட்டிக்குப் போயிட்டாங்க” என்றாள்.

மர்ஷூதா தனியாகச் செய்யும் முதல் காணி மதிப்பீடு இது. மிஹ்லார் என்பவர் படகு எஞ்சின் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். ஈடு, குறிஞ்சிப்பிட்டியிலுள்ள இந்தக் காணி. மதிப்புக் குறைந்தால் கடன் கிடைக்காது. யுத்தம் முடிந்ததிலிருந்து கரையோரமெல்லாம் அலையும் ஹோட்டல் தரகர்களிடம் காணி அரை விலைக்குப் போய்விடும்.

மர்ஷூதா கிணற்றில் வாளியை இறக்கி இழுத்தாள். ஒரு வாய் வைத்ததுமே துப்பினாள். அப்படியொரு கரிப்பு.

“சொன்னேனே! உப்புக் கெணறு எண்டு எழுதுங்க.”

எழுதப்போன பேனா நின்றது. அவசரப்படுகிறோமோ? வேலியோரம் வெங்காயப் பாத்தி பச்சைப்பசேலென்று நின்றது.

“இந்தத் தண்ணியிலயா வெங்காயம் வளருது?”

“அது... மழைத் தண்ணி.”

“மழையா? மண்ணு பொரிஞ்சு கெடக்கு!”

மர்ஷூதா வாளிக்குள் தடவிப் பார்த்தாள். அடி ஓரத்தில் கரைந்தும் கரையாமலும் கல்லுப்பு ஒட்டியிருந்தது. வாளியைத் தேய்த்துக் கழுவி மறுபடி இறைத்துக் குடித்தாள். இளநீர் தோற்றது.

“எந்த ஹோட்டல்காரன் ஒங்கள அனுப்பின?”

பெண்ணின் முகத்தில் சிரிப்பு செத்தது. “அல்லாஹ்வுக்காகக் கொறச்சு எழுதுங்க புள்ள.”

“அல்லாஹ்வுக்காகத்தான் உள்ளத எழுதுறன்.”

‘நல்ல தண்ணீர்க் கிணறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கிய இளைஞன், “நான்தான் மிஹ்லார், மிஸ். கொஞ்சம் சுணங்கிட்டுது” என்றான். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினான்.

“என்ன உம்மா, மிஸ்ஸுக்குத் தேத்தண்ணிகூடக் குடுக்கல்லியா? இருங்க, நானே ஊத்துறன்.”

அவன் உள்ளே போனதும் தாய் மர்ஷூதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எஞ்சினெல்லாம் பொய், மகள். அவுஸ்திரேலியாவுக்குக் களவாப் போற படகுக்குக் கட்டத்தான் அவனுக்குக் காசு. காணிய ஈடு வெக்காத எண்டு பெத்த புள்ளைக்கிட்டச் சொல்ல என்ட வாய் வரல்ல. அதான் கெணத்தச் சொல்ல வெச்சன்.”