புள்ளி வைத்த திட்டம்

"காட்டிக் கொடுத்தது நான்தான்னு நீயா ஒத்துக்கோ சதீஷு. மரியாதையாவது மிஞ்சும்!"

ஆரணி கோட்டை மைதானத்தில் கால்பந்து இறுதிப் போட்டி. இடைவேளையில் தேசூர் மூன்று கோல், ஆரணி பூஜ்ஜியம். கோச் பரசுராமன் தன் கோல்கீப்பர் மீது பாய்ந்துகொண்டிருந்தார். பட்டுப்புடவைக்கு டிசைன் வரைவது அவர் தொழில். கால்பந்தில் தன்னை விட்டால் ஆளில்லை என்பது அவராகவே எடுத்துக்கொண்ட பட்டம்.

"நான் எதுக்குண்ணே காட்டிக் கொடுக்கப் போறேன்?"

"உன் மாமியார் வூடு தேசூருதானே? அந்தப் பாசம் பொங்கிடுச்சு! நீ பந்தை இடது பக்கம் சுதாகருக்குத் தள்றதுக்கு முன்னாடியே அங்க மூணு பேரு வந்து நின்னுகினு இருக்கான். எப்பிடி?"

பரசுராமன் அடுத்த விரலை மடக்கினார்.

"பந்து போச்சுன்னா நம்மாளுங்க மூணு பேரு சேர்ந்து பாயணும். அதான் நம்ம பிரஸ்ஸிங். பாயும்போது வலது பக்கம் காலியாவுது. அவன் நேரா அங்கியே அடிக்கிறான். அது காலியாவும்னு அவனுக்கு யாரு சொன்னது?"

"பார்த்து ஆடுறாங்கண்ணே."

"பார்த்தா? அவ்ளோ மூளையா அவனுங்களுக்கு? அவங்க கோச்சைப் பாருடா. பட்டுப்புடவை கட்டிகினு கல்யாணத்துக்கு வந்தா மாதிரி வந்துகீது அந்தம்மா!"

எதிர்ப்புறம் தேசூர் பள்ளி விளையாட்டு ஆசிரியை ரேணுகாதேவி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியபடி தன் பசங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பரசுராமன் உதட்டைச் சுழித்தார்.

"நம்ம ஆட்டத் திட்டத்தை போன்ல போட்டா வெளிய போயிடும்னுதான் ரெண்டு மாசம் முன்னாடி டிசைன் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைஞ்சேன். புள்ளி வெச்சா ஆளு, அம்புக்குறி போட்டா பந்து. உங்களுக்குக் காட்டிட்டு, மத்த டிசைனுங்களோட என் மேசை மேலயே வெச்சுட்டேன். அந்தப் பக்கம், என் டிசைனை எடுத்துகினு போயி அதும்படி தறி அட்டையில ஓட்டை அடிக்கிற பன்னீர்செல்வத்தைத் தவிர ஈ காக்கா வராது. அந்தாளுக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது. அப்போ மிச்சம் யாரு? நீதான். க்ளவுஸைக் கழட்டு!"

"அண்ணே, ஆறு வருஷமா தறியை வுட்டா இந்த கோல் போஸ்ட்தாண்ணே எனக்கு. நான் சொல்லலண்ணே..."

"பேஜார் பண்ணாத. ஜல்தியா கழட்டு. இனிமே இந்த டீம்ல உனக்கு இடமில்ல."

சதீஷ் கழற்றினான். கண் கலங்கியது. அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதுபோல் பாவனை செய்தான். மாற்று கோல்கீப்பர் இறங்கினான். ஆரணி ஐந்துக்குப் பூஜ்ஜியம் என்று தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் ரேணுகாதேவி வந்தார்.

"சார், புடவைக்கு டிசைன் போடுறது நீங்கதானாமே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?" என்றார் பரசுராமன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"போன மாசம் உங்க ஊர்லதான் இந்தப் புடவையை எடுத்தேங்க. புது மாதிரி முந்தானைன்னு கடைக்காரர் சொன்னாரு. எங்க பசங்கதான் எண்ணிப் பார்த்து, பதினொண்ணு இருக்கு டீச்சர்ன்னாங்க. அப்பவும் நம்பல. உங்க செமிஃபைனலைப் பார்த்த அப்புறம்தான் புரிஞ்சுது."

இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து அவர் முன் விரித்தார்.

அரக்குப் பட்டில் பதினோரு ஜரிகைப் புட்டாக்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறிகள். கோல் கம்பத்தின் முன் தனியாக நின்று இடது பக்கம் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்த புட்டா, சதீஷ்.