மூன்றாவது மாடியின் முதல் புகார்

“காலையிலேர்ந்து இது ஒம்பதாவது போன். எல்லாம் உனக்குத்தான்,” என்றார் பட்டாபிராமன்.

“என்ன சார் பண்றது, ரெண்டாவது மாடிக்காரங்க விட மாட்டேங்கறாங்க,” என்றபடியே கீதாஞ்சலி ஓடினாள்.

அது ஒரு தேயிலைக் கம்பெனியின் கொல்கத்தா ஆபீஸ். கட்டடம் முழுக்கப் புதிதாக ஏடிஎம் நெட்வொர்க் போட்டிருந்தார்கள். பணம் எடுக்கிற ஏடிஎம் இல்லை. இது, பேசுவதற்கு முன்னால் இருவருக்கும் நடுவே தனிப்பாதை போட்டுக்கொள்கிற ரகம். ஆபீஸில் ஏற்கெனவே இருந்த லேன் என்கிற பழைய நெட்வொர்க்கோ, எல்லார் காதிலும் விழும்படி கத்துகிற ரகம். இரண்டையும் ஒட்டவைக்கும் வேலையில் இரண்டாவது மாடி கீதாஞ்சலிக்கு, மூன்றாவது பட்டாபிராமனுக்கு.

அவள் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். இவர் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து பதிவு செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. பலன்? எதற்கெடுத்தாலும் ‘கீதா தி, கீதா தி’ என்று வங்காளியில் அக்கா போட்டு அவளைத்தான் கூப்பிட்டார்கள். நேற்று அவளுக்கு ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு வேறு. இவரை ஒரு கப் டீக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை. வயிறு எரிந்தது.

இன்று சென்னையிலிருந்து பெரிய அதிகாரி கோவிந்தராஜன் வந்திருந்தார். நியூ டவுனில் வரப்போகும் புது ஆபீஸின் நெட்வொர்க்குக்குத் தலைமை யார் என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுவார். பட்டாபிராமனுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். அவளுக்கு மூன்று.

பதினொரு மணிக்கு இவருடைய போனும் அடித்தது. மூன்றாவது மாடி மொத்தமும் படுத்துவிட்டதாம்.

நெட்வொர்க் ஒயர்கள் வந்து சேரும் சுவிட்ச் அறைக்குள் புகுந்தார். நான்கே நிமிடம். அவர் மாடி ஏறியபோது எல்லாத் திரையும் வேலை செய்தது. “பாச்சாலேன், பட்டாபி தா,” காப்பாத்திட்டீங்க அண்ணா என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோவிந்தராஜனும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாபிராமனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

“உள்ள வாங்க,” என்றார் கோவிந்தராஜன். “புகார் நோட்டைப் பார்த்தேன். அந்தப் பொண்ணு மாடியில தினம் தகராறு. உங்க மாடியில இன்னிக்குக் காலை வரைக்கும் ஒரு புகார்கூட இல்ல. நியூ டவுனுக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன்.”

கோவிந்தராஜன் பேனா மூடியைக் கழற்றினார்.

“இன்னிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அதை எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

என்னவென்று சொல்வார்? பத்தே முக்காலுக்கு, சுவிட்ச் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூன்றாவது மாடி ஒயரைப் பிடுங்கிவிட்டவரே அவர்தான்.