பின்னவரின் ஓட்டு

ஜமாத் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் மட்டும் ஆள் இருக்காது. பேசும் கணினிப் பெட்டி ஒன்று, சின்னதாக, இருக்கும். நூறு வருஷம் கழித்து இந்த ஊரில் வாழப்போகிறவர்களுக்காக அது பேசும். அதற்கும் ஓட்டு உண்டு. ஊரார் அதைப் 'பின்னவர்' என்று மரியாதையாக அழைத்தார்கள்.

அன்று, தர்மத்துக்கென்று எழுதி வைத்த வக்ஃபு தோப்பின் வருமானத்தை என்ன செய்வது என்று பேச்சு. நர்ஸ் பல்கீஸ் பிரசவ ஆஸ்பத்திரி கேட்டாள். போன வாரம்தான் டவுனுக்குப் போகிற வழியில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் அரும்பாடுபட்டுக் காப்பாற்றியிருந்தாள்.

"கடல் ஏறி வருது. மேட்டு நிலம் வாங்கிப் போடுங்க. நாங்க எங்கே குடியிருப்போம்?" என்றது பெட்டி.

தலைவர் மொகுதூம் தாடியைத் தடவினார். "நியாயந்தானே? தர்மம்னா நமக்குப் பொறவும் நிக்கணும்ல?"

பாதிப் பேர் நிலத்துக்கும் பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கும் கை தூக்கினார்கள். பெட்டியின் ஓட்டுதான் பாக்கி.

பல்கீஸ் அந்த நாற்காலிக்கு எதிரே போய் நின்றாள். "ஏங்க, நீங்கல்லாம் யார் வழியா வரப்போறீங்க? அன்னிக்கு அந்தப் பிள்ளை என் கையில மூச்சு விடாமப் போயிருந்தா, உங்கள்ல எத்தனை பேர் கொறஞ்சிருப்பீங்க?"



"லாத்தா, எங்க ஓட்டு ஆஸ்பத்திரிக்குத்தான்," என்றது பெட்டி. "ஆனா அதை மேட்டுல கட்டுங்க."

கூட்டமே சிரித்தது. பல்கீஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கட்டிருவோம், இன்ஷா அல்லாஹ்," என்றாள். "நீங்க நல்லபடியா வந்து சேருங்க."